நிறத்துக்கு வைத்தியமா, தோலுக்கு வைத்தியமா?

ஒரு காலத்தில் கோயமுத்தூரில் தோல் டாக்டரின் பெயர்ப்பலகையில் மூன்று துறைகள் சேர்ந்தே இருக்கும்: தோல், பால்வினை, தொழுநோய். படிப்பு அப்படித்தான் அமைந்திருந்தது. இன்றும் எம்.டி. பட்டத்துக்குப் பின்னால் வரும் டி.வி.எல். என்ற எழுத்துகள் அந்த மூன்றையும்தான் குறிக்கின்றன. அந்தப் பலகைக்குக் கீழே நுழைவதைச் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் வேறு கதை கிளம்பும். வெறும் சேற்றுப்புண்ணோடு வந்தவர்கூட எதிர்க்கடையில் ஒரு டீயைக் குடித்து நேரம் கடத்திவிட்டு, தெரு காலியானதும் உள்ளே போவார்.

இன்று ஆர்.எஸ்.புரம், ரேஸ்கோர்ஸ், சாய்பாபா காலனி, அவினாசி ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்கின் கிளினிக்குகள். ஒளிந்து நுழைந்த இடத்துக்கு இப்போது முன்பதிவு செய்துகொண்டு போகிறோம். வாசலில் பளபளவென்று பெரிய முகப்படங்கள். அந்த முகங்கள் பலவும் உள்ளே டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்களின் நிறத்தில் இருப்பதில்லை.

மாநிறமும் கறுப்புமாக வாழும் ஊர் இது. அந்தத் தோலை நன்றாக அறிந்த டாக்டரைக் கண்டுபிடிப்பது அன்று எளிதா, இன்று எளிதா? டாக்டர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இன்றுதான் எளிது. மற்றதையும் சேர்த்துப் பார்த்தால் பதில் அவ்வளவு நேராக வராது.

விரலால் பார்த்த காலம்

முதல் வைத்தியம் எப்போதும் வீட்டில்தான் நடந்தது. சொறிக்குக் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். சிரங்குக்குப் புங்க எண்ணெய். காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள்; எண்ணெய் ஊதா நிறமாக மாறியதும் எடுத்துத் தடவுவார்கள். எதற்கும் அடங்காதபோதுதான் பொள்ளாச்சியிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பஸ் ஏறி, திருச்சி ரோட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வருவார்கள். 1966இல் கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அதுதான் கடைசிப் படி.

அங்கே உட்கார்ந்திருந்த டாக்டர்கள் படித்த புத்தகங்கள் லண்டனிலும் அமெரிக்காவிலும் அச்சானவை. படங்களில் இருந்ததெல்லாம் வெள்ளைத் தோல். அழற்சி என்றால் சிவப்பு என்று எழுதியிருக்கும். சிங்காநல்லூர் மில் தொழிலாளியின் முதுகில் அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? கத்தரிப்பூ நிறமாகவோ, சாம்பல் படிந்த கறுப்பாகவோ, அடர்ந்த பழுப்பாகவோதான் தெரியும். புத்தகத்தில் இளஞ்சிவப்புத் திட்டாக இருக்கும் காளாஞ்சகப்படை, நம் முழங்கையில் ஊதா கலந்த கருந்திட்டாக இருக்கும். அந்த டாக்டர்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, ஓ.பி.யில் கற்றுக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சிவப்பை விரலால் தேடினார்கள்: சூடு இருக்கிறதா, தடித்திருக்கிறதா, சொரசொரக்கிறதா என்று.

தொழுநோய் அந்தப் பயிற்சியை இன்னும் கூர்மையாக்கியது. கறுப்புத் தோலில் தொழுநோயின் தொடக்கம் வெளிறிய ஒரு தேமல்தான். அதே மாதிரியான தேமல் பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்திலும் முதுகிலும் சாதாரணமாக வரும். வெண்புள்ளியும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். தொழுநோய் ஆய்வாளர்கள் பள்ளிக்கு வந்து, பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவார்கள். "எங்க தொட்டேன், காட்டு கண்ணு" என்பதுதான் பரிசோதனை. உணர்ச்சி மரத்த தேமல் எது, மரக்காத தேமல் எது என்று பிரித்தறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. 1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2005 முடிவில், நாட்டளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. அதற்குப் பின்னால் மாத்திரைகளோடு இந்தக் கைப்பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

வெண்புள்ளிக்கு அன்றைய வைத்தியம் வெயில். கார்போகரிசி என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் விதையைச் சித்த மருத்துவம் பல காலமாக இதற்குப் பயன்படுத்தி வந்தது. அதிலிருக்கும் சோரலென் வகையைச் சேர்ந்த பொருள்கள்தான் பின்னால் அலோபதியில் மாத்திரையாக வந்தன. மாத்திரையைப் போட்டுவிட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்து, டாக்டர் சொன்ன நிமிடக் கணக்குக்கு மொட்டை மாடி வெயிலில் நிற்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கொப்புளம், குறைந்தால் பலனில்லை. இன்று 311 நானோமீட்டர் புற ஊதா விளக்குகள் பொருத்திய அறைக்குள் நொடிக் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். சந்தேகமே இல்லாமல் இது முன்னேற்றம்.

மூன்றும் 1975

கறுப்புத் தோலின் மருத்துவக் கதையில் 1975க்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று காரியங்கள் நடந்தன. மூன்றின் விளைவையும் இன்று நம் முகத்தில் பார்க்கலாம்.

முதலாவது ஒரு அளவுகோல். ஹார்வர்டு தோல் பேராசிரியர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் யாருக்குத் தோல் வேகும், யாருக்குக் கறுக்கும் என்று வகை பிரித்தார். மேலே சொன்ன சோரலென் சிகிச்சைக்கு எவ்வளவு புற ஊதாக் கதிர் கொடுக்கலாம் என்று கணிப்பதற்காகவே அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. முதலில் அது வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான். பழுப்புக்கு ஐந்தாம் வகை, கறுப்புக்கு ஆறாம் வகை என்று பிற்பாடு ஒட்டுப்போட்டார்கள். இன்று கோவையில் லேசர் வைக்கும் முன்பு உங்கள் சீட்டில் எழுதப்படும் ரோமன் எண் அந்தப் பட்டியலிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது ஒரு மருந்துக் கலவை. ஃபிலடெல்ஃபியாவில் ஆல்பர்ட் கிளிக்மன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் மூன்றையும் சேர்த்தால் மங்கு குறையும் என்று காட்டினார். மூன்றாவதாக இருப்பது ஸ்டீராய்டு. டாக்டரின் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு என்றால் நல்ல மருந்து. பின்னால் அந்த மாதிரியில் பல டியூப்கள் இந்தியச் சந்தைக்கு வந்தன.

மூன்றாவது ஒரு கிரீம். ஹிந்துஸ்தான் லீவர் அதே ஆண்டில் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998இல் சென்னையின் கெவின்கேர், ஃபேர்எவரோடு போட்டிக்கு இறங்கியது. 2005இல் எமாமி ஆண்களுக்கென்றே தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. வெள்ளக்கோவில் பெட்டிக்கடையில்கூட ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சிவப்பழகு பாக்கெட் தொங்கத் தொடங்கியது.

அதுவரை மாநிறம் என்பது ஜாதகத்தோடு போகும் ஒரு விவரம். இப்போது அது சரிசெய்ய வேண்டிய குறையாக மாறியது. டாக்டர் முன்னால் உட்கார்ந்த அம்மாவின் கேள்வியும் மாறியது: "ஏனுங்க டாக்டர், அம்மிணி மூஞ்சி கொஞ்சம் வெளுக்கற மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்க. தை மாசம் கல்யாணமுங்க."

டியூப் செய்த வேலை

டாக்டர் எழுதாவிட்டால் மருந்துக்கடை கொடுத்தது. ஸ்டீராய்டு டியூபைப் பூசினால் முதல் வாரத்தில் முகம் வெளுக்கும், பரு அடங்கும், அரிப்பு நிற்கும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், முகத்தில் முடி வளரும், பூசுவதை நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். நாடு முழுவதும் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேருக்கு அதைச் சொன்னது டாக்டர் அல்ல. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதை எதிர்க்கவே தனிக் குழு அமைத்தது. பூசும் மருந்துக்குச் சட்டத்தில் இருந்த விலக்கை அடைத்து, 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டுக்குரிய 'எச்' அட்டவணையில் மத்திய அரசு சேர்த்தது 2018இல்தான்.

இடுப்புக்கும் தொடைக்கும் பூசியவர்கள் இன்னொரு விலை கொடுத்தார்கள். படர்தாமரை என்றால் முன்பெல்லாம் இரண்டு வாரம் களிம்பு பூசினால் போய்விடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை மட்டும் அமுக்கிப் பூஞ்சையை வளரவிட்டது. சாதாரண மருந்துக்கு மசியாத ஒரு வகைப் பூஞ்சை பரவி, 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று இந்தியாவின் பெயரே ஒட்டிக்கொண்டது. வியர்வையில் நனைந்தபடி நாளெல்லாம் நிற்கிற திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அது மாதக்கணக்கில் தொல்லை. அவர் தோல் டாக்டரிடம் வருவதற்குள் மூன்று நாலு டியூப் காலியாகியிருக்கும்.

தொழில் தோலில் எழுதுவது

கொங்கு நாட்டின் தோலை அறிவதென்றால் அதன் தொழிலையும் அறிய வேண்டும். நிறம் மட்டும் தெரிந்தால் போதாது. 1950களில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் செடி இன்று நம் ரோட்டோரத்திலும் தரிசுக் காட்டிலும் நிறைந்திருக்கிறது. அதன் துகள் காற்றில் வந்து பட்டு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்துப்போகும் விவசாயிக்கு, வெயிலில் கறுத்துவிட்டது என்று சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்து அனுப்பினால் என்ன பயன்? கொத்தனாருக்கு சிமெண்டில் இருக்கும் குரோமேட் ஒத்துக்கொள்ளாமல் கை வெடிக்கும். தலைச்சாயம் அடிப்பவருக்கு அதிலிருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனத்தால் நெற்றியோரமும் காதோரமும் கறுக்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வகை பீனால், பொட்டு வைத்த இடத்திலேயே வெள்ளைத் திட்டை உண்டாக்கும். அதை வெண்புள்ளி பரவுகிறது என்று பயந்து கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கப் பட்டைச் சோதனை இருக்கிறது. இந்தியர்களுக்கென்றே தொகுத்த ஒவ்வாமைப் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, நாலாம் நாள் மறுபடியும் பார்ப்பார்கள். கறுப்பு முதுகில் சிவப்பைத் தேடினால் பாதி தவறிப்போகும். அங்கேயும் விரல்தான் வேண்டும். அன்றைய டாக்டரின் கைப்பழக்கம் இன்றைய சோதனைக்கும் தேவைப்படுகிறது.

இன்று: கருவி பெருகிய ஊர்

ஊரில் வசதி பெருகியதை மறுக்க முடியாது. கோவையில் அரசுக் கல்லூரியோடு பி.எஸ்.ஜி.யும் இ.எஸ்.ஐ. கல்லூரியும் இருக்கின்றன. சேலத்திலும் பெருந்துறையிலும் கரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. 2022 ஜனவரியில் திருப்பூர், நாமக்கல், நீலகிரிக் கல்லூரிகளும் சேர்ந்தன. தோல் நோய்க்குப் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலருக்கு இன்று சொந்த மாவட்டத்திலேயே பிரிவு இருக்கிறது.

ஆனால் கருவி வந்த பிறகு கறுப்புத் தோலுக்கு ஒரு புது ஆபத்தும் கூடவே வந்தது. முடியை நீக்கும் லேசர், முடியில் இருக்கும் மெலனினைக் குறிவைக்கிறது. கறுப்புத் தோலில் மேற்பரப்பிலேயே மெலனின் நிறைய இருப்பதால் அடி அங்கேயும் விழும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரை மேல் தோலின் மெலனின் அதிகம் உறிஞ்சும்; 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசரைக் குறைவாக உறிஞ்சி, உள்ளே ஆழத்துக்கு விடும். அதனால் நம் தோலுக்குப் பின்னதுதான் பாதுகாப்பு. அதிலும் சக்தியைக் குறைத்து, குளிர்ச்சி கொடுத்து, மறைவான இடத்தில் ஒரு சிறு சோதனை வைத்துப் பார்த்த பிறகே முகத்தைத் தொட வேண்டும். வெள்ளைத் தோலுக்கான அளவை அப்படியே வைத்தால் கட்டம் கட்டமாகத் தீக்காயம். காயம் ஆறினாலும் கறை மாதக்கணக்கில் நிற்கும். கறுப்புத் தோலின் இயல்பே அதுதான்: பரு, கீறல், கொசுக்கடி எது ஆறினாலும் கறை விட்டுத்தான் போகும். ரசாயனத்தால் தோலை உரிக்கும் பீலிங்கை ஆழமாகச் செய்வது நமக்கு ஆகாது என்பதற்கும் இதுதான் காரணம்.

மங்குக்கு வருவோம். நம் போன்ற தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். அதனால் வெள்ளைப் பூச்சாகக் கிடைக்கும் சாதாரண சன்ஸ்கிரீன் பாதிக் காவல்தான். இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் கூடுதலாகத் தடுக்கும். மங்குக்கு ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை எழுதும் முன், வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு உண்டா என்று கேட்கிறவர் வேலை தெரிந்த டாக்டர். கழுத்து கறுத்துப்போன பையனைப் பார்த்து, அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்த அம்மாவிடம், "தேய்க்காதீங்க, முதல்ல எடையும் சுகரும் பார்க்கலாம்" என்கிறவரும் அப்படித்தான். அந்தக் கருமை பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பீலிங் மட்டும் செய்து அனுப்பினால், சர்க்கரை நோயைத் தடுக்கக் கிடைத்த வாய்ப்பு போய்விடும்.

இன்னொரு பக்கம் வெளுப்பதற்கென்றே ஊசி போடுகிறார்கள். குளூட்டாதியோன் ஊசியைத் தோல் வெளுக்கப் போட இந்தியாவில் அனுமதி இல்லை. கிரீமின் கதை அதைவிட மோசம். வாளையாறு தாண்டி, பாலக்காட்டை அடுத்த மலப்புரம் மாவட்டத்தில், 2021 முதல் 2023 வரை சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதாகி வந்த 22 பேரை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை நோய். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். காரணம் கிரீமில் இருந்த பாதரசம். பூசியது முகத்தில், பழுதானது சிறுநீரகம்.

கடல் கடந்த தேடல்

கொங்கு நாட்டிலிருந்து படிக்கவும் வேலைக்கும் லண்டன், டொரண்டோ, டல்லாஸ் என்று போன பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் வேறு விதம். அங்கே கறுப்புத் தோலை அதிகம் பார்த்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று தேடித்தான் போக வேண்டும். நியூயார்க்கில் நிறமுள்ள தோலுக்கென்று ஒரு மையத்தைக் கறுப்பின டாக்டர் சூசன் டெய்லர் 1999இல் தொடங்கினார். 2004இல் அதற்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் கல்லூரி மாணவர் மலோன் முக்வெண்டே, கறுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் படக் கையேட்டைத் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் வெளியிட்டார். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் பல் டாக்டரோடு தோல் டாக்டரையும் பார்த்துவிட்டே விமானம் ஏறுகிறார்கள். இங்கே பார்க்கிற ஒவ்வொரு நோயாளியும் நம் நிறம்தானே என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. கறுப்புத் தோலைத் தினம் பார்ப்பது ஒன்று, அதை அதன் இயல்பிலேயே ஏற்று வைத்தியம் செய்வது இன்னொன்று. முதலாவது கோவையில் எல்லா டாக்டரிடமும் இருக்கிறது. இரண்டாவதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. சென்னையில் கவிதா இம்மானுவேல் 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் பேச்சை மாற்றியது. 2014இல் விளம்பரத் தர நிர்ணய மன்றம் கறுப்பை இழிவாகக் காட்டக் கூடாது என்றது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி, குளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறிய அளவுக்கு டாக்டர் அறையில் நாம் கேட்கும் கேள்வி மாறவில்லை.

அன்றைய டாக்டரிடம் லேசர் இல்லை, விளக்கறை இல்லை, நல்ல மருந்தே கொஞ்சம்தான். அவரிடம் இருந்தது, நோயை நோயாகவும் நிறத்தை நிறமாகவும் பார்த்த கண். இன்று மருந்தும் கருவியும் வந்துவிட்டன. அந்தக் கண் இருப்பவர் யார் என்று பார்த்துப் போவது நம் பொறுப்பு.

அதற்குச் சில வழிகள் உண்டு. பலகையில் காஸ்மெட்டாலஜி என்று மட்டும் இருந்தால், எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல்., டி.என்.பி. இவற்றில் எது படித்தவர் என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பட்டியலில் சரிபாருங்கள். லேசர் என்றால் எந்த வகை, யார் கையால், சோதனைப் புள்ளி வைப்பார்களா என்று கேளுங்கள். உங்கள் வேலை, பூசும் எண்ணெய், தலைச்சாயம், பழைய டியூப் இவற்றையெல்லாம் விசாரிக்காமல் மருந்து எழுதுகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் கூட்டம் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் அனுபவமும் சேர்கிறது. வீட்டில் இருக்கும் டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்று டாக்டரே சொல்லட்டும்.

வெளுக்க மருந்து கேட்டபோது, "மங்குக்கு மருந்து இருக்குதுங்க, நிறத்துக்கு இல்லீங்க" என்று சொல்லி அனுப்பும் டாக்டர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் பெயரை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.